மன்னிப்பு மேடத்தின் மூக்கு

அவளிடமிருந்து மன்னிப்பு வாங்காத ஆள் அந்த நகரத்தில் அநேகமாக இல்லை. வீட்டில் இணைய இணைப்பு அறுந்துபோய், கோபம் தலைக்கேறி, நிறுவனத்தை அழைக்கிற எல்லோருக்கும் முதலில் கிடைப்பது அவள் குரல்தான். "மன்னிக்கவும். எங்கள் அலுவலர்கள் அனைவரும் மற்ற வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்." அலுவலர்கள் உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எழுதிக் கொடுப்பதைப் படிப்பதுதான் அவள் வேலை. ஆனால் கேட்கிறவர்களுக்கு என்னவோ, அந்தப் பெண் சற்று முன்புதான் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பேசுவதுபோல இருக்கும். பாவம், இவளைப் போய்த் திட்டுவதா என்று பேசாமல் காத்திருப்பார்கள். சேர்த்து வைத்த திட்டையெல்லாம் பிறகு வருகிற அலுவலர் தலையில் மொத்தமாகக் கொட்டுவார்கள்.

நிறுவனத்துக்கு இது பெரிய சௌகரியம். வேறு குரல்களைப் போட்டுப் பார்த்தபோது ஜனங்கள் பட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டு நேரில் வந்து நின்றார்கள். இவள் குரலைப் போட்டதும் காத்திருந்தார்கள். அதனால் புதிதாக எந்த வாக்கியம் தேவைப்பட்டாலும் இவளையே கூப்பிட்டார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு 'மன்னிப்பு மேடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

குரலைத் தவிர அவளிடம் வேறு எதையும் யாரும் கேட்டதில்லை. அவள் தலையில் கொம்பு முளைத்திருந்தாலும் ஒரு வாடிக்கையாளரும் கவலைப்பட்டிருக்க மாட்டார். அப்படிப்பட்ட பாக்கியசாலிக்குத்தான் தன் மூக்கு பிடிக்காமல் போனது.

குற்றம் கண்ணாடியுடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசுகிறவருக்கு ஓர் அறை, பதிவு செய்கிறவருக்கு ஓர் அறை. நடுவே கனத்த கண்ணாடி ஜன்னல். ஜன்னலில் இரண்டு கண்ணாடிகள் இருக்கும். இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால் ஒலி நடுவில் மாட்டிக்கொண்டு இங்கும் அங்குமாக மோதி உறுமும் என்பதால் ஒன்றைச் சற்றே சாய்த்து வைப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ஒலியைத் திசைதிருப்புகிற கண்ணாடி ஒளியையும் திசைதிருப்பும் அல்லவா? சாய்ந்த கண்ணாடியில் விழுந்த அவள் பிம்பம் பக்கவாட்டுக் கதவின் கண்ணாடிக்குப் போய், அங்கிருந்து நேராக அவள் கண்ணுக்கே திரும்பி வந்தது. ஆண்டவன் மனிதர்களுக்குச் செய்திருக்கும் பெரிய உபகாரங்களில் ஒன்று, தன் பக்கத்தோற்றத்தைத் தானே பார்க்க முடியாமல் வைத்திருப்பது. அவளுக்கு அந்த உபகாரம் இல்லை. மன்னிப்புக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், நெற்றியிலிருந்து ஒழுங்காக இறங்கி வந்த கோடு பாதி வழியில் ஒரு மேட்டில் ஏறி, யோசித்து, பிறகு கீழே இறங்குவதை அவள் பார்த்தாள்.

வீட்டில் சொன்னாள். கணவன் மரச்சாமான் கடையில் விற்பனையாளன். சோபாவில் கீறல் இருந்தாலும் அதை மரத்தின் இயற்கை அழகு என்று சொல்லிப் பழகியவன்.

"உன் மூக்குக்கு என்ன? எனக்கு ஒரு குறையும் தெரியலையே."

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"தினமும்தான் பாக்கறேன்."

"அப்போ கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க. மேடு எங்க இருக்கு?"

அவன் கண்ணை மூடினான். பிறகு கண்ணைத் திறக்காமலே, "உள்ளழகுதான்மா முக்கியம்," என்றான்.

இதைச் சொன்னவன் அவன் மட்டுமில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவளுடைய அம்மா தொலைபேசியில் சொன்னாள். மூக்கும் முழியுமாகப் பிறந்தவர்கள்தான் இதை அதிக உறுதியோடு சொன்னார்கள்.

சொல்லாதவள் நாத்தனார் ஒருத்திதான். அவள் அழகு நிலையத்தில் முடி வெட்டுபவள்.

"இதுக்குப் போயா அண்ணி இத்தன நாள் மனசுக்குள்ளயே புழுங்கினீங்க? வெள்ளிக்கிழம போனா திங்கக்கிழம வேலைக்குப் போயிடலாம். எங்ககிட்ட வர்ற ஒரு அக்கா பண்ணிக்கிட்டாங்க."

"எப்படி வந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? அப்புறம் அந்தக்கா வரவே இல்ல."

"பிடிக்காமப் போச்சுன்னா என்னடி பண்றது?"

"பிடிக்கலன்னா மாத்திக்கலாம் அண்ணி! இதெல்லாம் ஒரு விஷயமா?"

தப்பாக வெட்டினாலும் தானாக வளர்ந்துவிடும் ஒரு பொருளோடு வாழ்நாள் முழுக்கப் பழகியவள் வேறு எப்படிப் பேசுவாள்?

நாத்தனாரோடு முதலில் போன இடத்தில் வரவேற்பறையிலேயே பெரிய மீன்தொட்டி இருந்தது. மீன்களுக்கெல்லாம் அழகான மூக்கு. வாசனையாக ஒரு பெண் வந்து, தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு, இருவரையும் ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். அவளைப் பக்கவாட்டில் படம் எடுத்து, திரையில் போட்டு, சுட்டியால் மேட்டை ஒரு தள்ளுத் தள்ளினாள். மேடு போயிற்று. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. திரையில் இருப்பது வெறும் புள்ளிகள். எலும்பு, குருத்தெலும்பு, தோல், ரத்தம் எதுவும் இல்லாத அந்த மூக்கு, தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும். இதை அவளுக்கு அங்கே யாரும் சொல்லவில்லை. மீன்களும் சொல்லவில்லை.

"இன்னிக்கே தேதி குடுத்துட்டீங்கன்னா தாடையையும் சேத்துப் பண்ணிடலாம் மேடம்," என்றாள் ஆலோசகர்.

"என் தாடைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். மூக்கு சின்னதானா தாடை பெருசாத் தெரியும்."

கடைசியாக மருத்துவர் வந்தார். எட்டிப் பார்த்தார் என்பதுதான் சரி. அவள் ஒரே ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருந்தாள். "டாக்டர், என் தொழிலே குரல்தான். அது மாறுமா?"

"குரல் தொண்டையில இருக்கும்மா," என்று சிரித்துவிட்டு, அடுத்த அறையை எட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

இந்தப் பதிலை அவள் கூடத்தில் போய்ச் சொன்னபோது ஒலிப்பதிவாளர் சிரிக்கவில்லை. எல்லோரும் 'சவுண்டு சார்' என்று அழைக்கும் அந்த மனிதர், காதுகளால் மட்டுமே உலகத்தை நம்புகிறவர். வந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதைக்கூட பேச்சில் கேட்கும் வாய் ஈரத்தை வைத்துச் சொல்லிவிடுவார்.

"தொண்டைல இருக்கா? எங்க, உதட்ட மூடிக்கிட்டு 'ம்'னு சொல்லுங்க."

"ம்."

"இப்போ சொல்லும்போதே மூக்க இறுக்கிப் பிடிங்க."

பிடித்தாள். சத்தம் கத்தரித்ததுபோல நின்றுவிட்டது.

"தொண்டைல இருந்தா ஏன் நிக்குது? வாய் மூடியாச்சு, காத்துக்கு வேற வழி ஏது? மூக்குதான். 'ம'னா, 'ன'னா எல்லாம் அந்த வழியாத்தான் வெளிய வருது. மன்னிக்கவும்ங்கறதுல பாதிக்கு மேல மூக்கு மேடம்! அந்த மூக்க நம்பித்தான் இந்தக் கூடத்துல விளக்கு எரியுது."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. தொலைபேசியில் வரும் வாக்கியங்களை யாரும் முழுதாகப் பேசி வைப்பதில்லை. 'உங்கள் புகார் எண்' என்பது ஒரு துண்டு. எண்கள் தனித்தனித் துண்டுகள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று விதமாகச் சொல்ல வேண்டும்: தொடக்கத்தில் வருவதற்கு ஒன்று, நடுவில் வருவதற்கு ஒன்று, கடைசியில் குரல் தாழ்ந்து முடிவதற்கு ஒன்று. இயந்திரம் வேண்டியதை எடுத்துக் கோத்துக் கொடுக்கும். கேட்கிறவருக்கு ஒரே மூச்சில் பேசியதுபோல இருக்கும். அப்படி இருக்க வேண்டுமென்றால் பழைய துண்டும் புதிய துண்டும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். அதனால்தான் சளி பிடித்த நாளில் அவளைக் கூடத்துக்குள்ளேயே விட மாட்டார். குரல் ஓர் இழை மாறினாலும், ஒரே வாக்கியத்தை அக்காவும் தங்கையும் பங்குபோட்டுக்கொண்டு பேசியதுபோல ஆகிவிடும்.

"மாறிடுச்சுன்னா?" என்றாள் அவள்.

"கம்பெனி மேனேஜர் வேற குரல் தேடிக்குவாரு. எல்லாத்தையும் அவங்கள வச்சு முதல்லேர்ந்து எடுப்பாரு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க அதோட சரி."

இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். வேறு எந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் தோன்றாத ஒரு யோசனை அவர்களுக்குத் தோன்றியது. மூக்கில் கத்தி வைப்பதற்கு முன்பே, இனி எப்போதாவது தேவைப்படக்கூடிய அத்தனை வார்த்தைகளையும் பேசிச் சேமித்து வைத்துவிடுவது. பிறகு குரல் மாறினால்தான் என்ன? கேட்கும்போதெல்லாம் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். இதைக் கண்டுபிடித்ததற்காக ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

வேலை ஓய்ந்த நேரமெல்லாம் பதிவு நடந்தது. சவுண்டு சாருக்குள் இவ்வளவு பேரழிவுகள் ஒளிந்திருந்தன என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மழை, புயல், வெள்ளம், தீ, வேலைநிறுத்தம், எலி கம்பியைக் கடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் அவள் மன்னிப்புக் கேட்டாள். "விண்கல் விழுந்ததன் காரணமாகச் சேவை தடைபட்டுள்ளது" என்று ஒன்றை நீட்டினார்.

"விண்கல் விழுந்தா யாரு சார் நமக்கு ஃபோன் பண்ணப் போறாங்க?"

"நம்ம கஸ்டமருங்க பண்ணுவாங்க. நீங்க படிங்க."

படித்தாள். மனம் உருகும்படி இருந்தது.

தேதி குறிக்கப் போகும் நேரத்தில்தான் கணவன் வாயைத் திறந்தான். அந்த விவகாரம் முழுவதிலும் அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். "ஒரு சோபா வாங்கறவங்களே நாலு கட ஏறி இறங்கித்தான் எங்ககிட்ட வர்றாங்க. நீ மூக்குக்கு ஒரு கடையோட நிறுத்தறியே?"

இரண்டாவது இடத்தில் மீன் இல்லை. அங்கே இருந்த மருத்துவர் காது மூக்கு தொண்டை பார்க்கும் அம்மாள். முக அறுவையும் தனியாகப் படித்தவர். நாற்காலியின் கைப்பிடி ஆடியது. நாத்தனார் உள்ளே நுழைந்ததும் செல்பேசியை நீட்டினாள்.

"இந்த மூக்கு வேணும் டாக்டர்."

"இது யாரு?"

"நடிகை."

"அவங்க குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு மருத்துவர் அவள் மூக்கின் நுனித் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துப் பார்த்தார். "உங்களுக்குத் தோல் தடிமன். உள்ள நான் எவ்வளவு நுணுக்கமாச் செதுக்கினாலும் மேல கம்பளி போத்தின மாதிரிதான் தெரியும். மேட்டக் குறைக்கலாம். அந்தப் பொண்ணோட மூக்கு வராது. உங்க மூக்கே கொஞ்சம் சாந்தமாத் தெரியும், அவ்வளவுதான். சிகரெட் உண்டா?"

"ஐயோ, இல்ல."

"ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திர? நாட்டு மருந்து, சத்து மாத்திரன்னு எது சாப்பிட்டாலும் சொல்லணும்."

"இல்ல டாக்டர்."

"திங்கக்கிழம வேலைக்குப் போயிடலாம் இல்ல?" என்று நாத்தனார் இடையில் புகுந்தாள்.

"எந்தத் திங்கக்கிழம? முதல் வாரம் மேல கட்டு இருக்கும். கண்ணச் சுத்திக் கன்னிப்போய் யாரோ அடிச்ச மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் மேல சந்தேகப்படுவாங்க, அவருகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஒரு மாசத்துக்கு மேலயே மூக்குக்கண்ணாடி போடக் கூடாது. நுனி வீக்கம் முழுசா வடிய ஒரு வருஷம்கூட ஆகும். அதுவரைக்கும் தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு என்னத் திட்டக் கூடாது."

"ஒரு வருஷமா! பிடிக்கலன்னா மறுபடி பண்ணிக்கலாம்தானே?"

"பண்ணலாம். ஆனா மறுபடி பண்றது முதல் தடவைய விடக் கஷ்டம். தழும்பு இருக்கும், எடுத்து வச்சுக்கக் குருத்தெலும்பு இருக்காது. இது முடி இல்லம்மா." நாத்தனாரின் தொழில் அவருக்குத் தெரியாது. இருந்தும் நாத்தனார் செல்பேசியை உள்ளே வைத்துக்கொண்டாள். மருத்துவர் விடவில்லை. "எந்த டாக்டர்கிட்ட போனாலும், என்கிட்டயும் சேத்துத்தான் சொல்றேன், நல்லா வந்தத மட்டும் பாத்துட்டு வராதீங்க. சரியா வராதத காட்டுங்கன்னு கேளுங்க. இல்லவே இல்லன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க."

"உங்களுக்குச் சரியா வராதது இருக்கா?" என்றாள் நாத்தனார், விட்டதைப் பிடிக்கும் ஆவலில்.

மருத்துவர் நிஜமாகவே காட்டினார். ஒரு மூக்கு சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இருவரும் அதைப் பயத்தோடு பார்த்தார்கள். மீன்தொட்டி இடத்தில் எல்லா மூக்கும் நேராக இருந்தது அப்போதுதான் அவளுக்கு உறுத்தியது.

"சரி. மூச்சு எப்படி விடறீங்க?"

"நல்லாத்தான் விடறேன்."

"மூக்காலயா, வாயாலயா?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்தாள். தூங்கி எழும்போது வாய் வறண்டிருக்கும். மாடி ஏறினால் வாயைத் திறந்துகொள்வாள். எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். மருத்துவர் விளக்கை எடுத்து, ஒரு சிறு இடுக்கியால் மூக்குத் துவாரத்தை விரித்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெளிய ஒண்ணுமே இல்லம்மா. உள்ளதான் மோசம்."

ஊரெல்லாம் சேர்ந்து உயர்த்திப் பிடித்த உள்ளழகை விளக்குப் போட்டுப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

இரண்டு துவாரங்களுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு. அவளுக்கு அது நேராக இறங்காமல், ஒரு பக்கமாகப் புடைத்து வழியைப் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டு நின்றது. போதாததற்கு, மூக்கின் பக்கச் சுவர்கள் சேரும் மேல்மூலை மிகவும் ஒடுங்கலாக இருந்தது. காற்று நுழைவதற்கு மூக்கிலேயே குறுகலான இடம் அதுதான்.

"மூக்குக்குப் பக்கத்துல கன்னத்த விரலால வெளிப்பக்கமா இழுங்க. லேசா. இப்போ வாய மூடிக்கிட்டு மூச்ச உள்ள இழுங்க."

இழுத்தாள்.

காற்று வந்தது. குளிர்ந்து, தடையில்லாமல், நெற்றிக்குப் பின்னால்வரை போவதுபோல வந்தது. அவள் விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி இழுத்தாள், வந்தது. மறுபடி. நாத்தனார், "என்ன அண்ணி, என்ன ஆச்சு?" என்று தோளைப் பிடித்தாள். அண்ணியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"எல்லாரும் இப்படித்தான் மூச்சு விடறீங்களா?" என்றாள் அவள். "தினமுமா?"

மருத்துவர் ஒரு காகிதத்தில் மூக்கை வரைந்து காட்டினார். வரைவதில் அவருக்கு ஆசை அதிகம் என்று தெரிந்தது. "நீங்க எடுக்கச் சொல்ற மேடு வெறும் மேடு இல்ல. இது கூரை. கூரைய இறக்கிட்டு அப்படியே விட்டா ரெண்டு பக்கச் சுவரும் உள்ள சாயும். ஏற்கனவே ஒடுங்கின இடம் இன்னும் ஒடுங்கும். இதுக்கு முன்னாடி பாத்தவங்க யாராவது உள்ள பாத்தாங்களா?"

"இல்ல. தாடையப் பாத்தாங்க."

"கோணலா இருக்கற நடுச்சுவருல ஒரு பகுதிய எடுத்து, அதையே மெல்லிசா ரெண்டு பட்டையா வெட்டி, இந்த மூலைல முட்டுக் குடுக்கலாம். சுவரும் நேராகும், வழியும் திறக்கும். மேடும் வேண்டாம்னா அதையும் அப்பவே இறக்கிடலாம். வழிய அடைச்சுக்கிட்டு இருந்ததே தூக்கிப் பிடிக்கற வேலைய பண்ணும்." அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. "முழு மயக்கம் குடுத்துத்தான் பண்ணணும். நல்லா யோசிச்சுட்டு வாங்க."

"குரல் மாறுமா டாக்டர்?"

"நிறைய பேருக்கு வீட்ல இருக்கறவங்களுக்கே வித்தியாசம் தெரியாது. ஆனா உங்களுக்கு அடைப்பு இவ்வளவு இருக்கு. மாறாதுன்னு சொல்ல மாட்டேன்." மேசை இழுப்பறையிலிருந்து ஓர் ஒட்டுப்பட்டையை எடுத்துக் கொடுத்தார். மூக்கின் மேல் குறுக்காக ஒட்டினால் வில்லைப்போல நிமிர்ந்து பக்கங்களை வெளியே இழுக்கும். "இத ஒட்டிக்கிட்டுப் பேசிப் பாருங்க. இது ஒரு சாம்பிள்தான். அறுவைக்கப்புறம் இப்படியேதான் இருக்கும்னு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேக்காதீங்க."

மறுநாள் கூடத்தில் பட்டையை ஒட்டிக்கொண்டு, வழக்கமான தூரத்தில் நின்று, வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள். "மன்னிக்கவும். எங்கள் அலுவலர்கள் அனைவரும்..."

சவுண்டு சார் காதிலிருந்ததைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவ." சொன்னாள். பழைய பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டார். பழையதில் ஒருத்தி அழுது முடித்திருந்தாள். புதியதில் ஒருத்தி ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மன்னிப்புக் கேக்கற மாதிரி இல்ல. கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போங்கற மாதிரி இருக்கு. இது நீங்க இல்லையே மேடம்."

"நான்தான் சார் இது. அது என் அடைப்பு." அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "இத்தன நாளும் நீங்க கூப்பிட்டுப் பேச வச்சது என்னய இல்ல. ஒரு கோணச் சுவர."

சவுண்டு சார் புதிய பதிவை மறுபடி ஓடவிட்டபோது மேலாளர் உள்ளே வந்தார். நிறுவனத்தின் குரல் விவகாரமெல்லாம் அவர் பொறுப்பு. புதிய வாக்கியம் ஒன்று வேண்டும் என்று கேட்க வந்திருந்தார். அறையில் ஓடிய குரலைக் கேட்டு, "யாரு இது? வேண்டாம் சார். சிரிச்சுக்கிட்டே மன்னிப்புக் கேக்கற மாதிரி இருக்கு. நம்ம மேடம்தான் நமக்கு," என்றார். மேடம் மூக்கில் பட்டையோடு எதிரில்தான் நின்றாள்.

சவுண்டு சார் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. மூக்கைச் சொன்னார், அறுவையைச் சொன்னார். மேலாளரின் முகம் தொங்குவதைக் கண்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று சேமிப்பையும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பெருமையில் ஒவ்வொன்றாகப் போட்டும் காட்டினார். வெள்ளம், தீ, எலி, விண்கல். மேலாளர் கேட்டு வந்த வாக்கியமும் அதில் இருந்தது.

மேலாளர் முகம் நிமிர்ந்துகொண்டே போனது. "எல்லாமே இருக்கா?"

"எல்லாமே இருக்கு சார்," என்றார் சவுண்டு சார். அந்த 'எல்லாமே'யைச் சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கியதை அவள் கவனித்தாள்.

"பிரமாதம்! அப்போ இனிமே மேடத்தத் தொந்தரவு பண்ண வேண்டிய அவசியமே இல்லையே. மேடம், நீங்க தாராளமா ஓய்வெடுங்க. மூக்க நல்லபடியாப் பாத்துக்கோங்க." கை குலுக்கினார். அவ்வளவு மரியாதையாக அவளை யாரும் வேலையைவிட்டு அனுப்பியதில்லை.

மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். வேலை போய்விடுமோ என்று பயந்து, வேலையை முழுவதும் முன்கூட்டியே செய்து முடித்து, அதனாலேயே வேலையைத் தொலைத்தவர்கள் உலகத்தில் அவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றார் சவுண்டு சார்.

"வாய மூடினா என்னால மூச்சு விட முடியாதுன்னு இப்போதான் சார் தெரிஞ்சுது," என்றாள் அவள். பட்டையை உரித்தாள். காற்று நின்றது. இந்த அடைப்பைக் காப்பாற்றி வைக்க இனி ஒரு காரணமும் இல்லை.

கணவனோடு மருத்துவரிடம் போய், "உள்ள பண்ணிடுங்க டாக்டர்," என்றாள்.

"வெளிய?"

கணவன் ஆவலோடு அவளைப் பார்த்தான். அவள் தன் மூக்கோடு சமாதானமாகிவிட்டாள் என்று அவன் முடிவு செய்திருந்தான். அதைப் பாராட்டி ஒரு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தான்.

"அதையும்தான். எனக்கு இப்பவும் அது பிடிக்கல."

அறுவை நடந்தது. கட்டைப் பிரித்த அன்று மூக்கு பன்னைப்போல உப்பியிருந்தது. நாத்தனார் பார்த்ததும், "நல்லாருக்கு அண்ணி," என்று சொல்லிவிட்டு வேகமாக அடுப்படிக்குப் போய்விட்டாள். கணவன் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், வெகுநேரம் பார்த்தான். "வாய மூடிக்கிட்டுத் தூங்கின," என்றான். "ராத்திரி ரெண்டு தடவ எழுந்து பாத்தேன். பயந்துட்டேன்."

வீக்கம் மெதுவாக வடிந்தது. மேடு போயிருந்தது, அந்த இடத்தில், யோசிக்காமல் இறங்குகிற ஒரு கோடு. நடிகையின் மூக்கு வரவில்லை. அவள் வீட்டில் சும்மா இருந்தாள். அவளுடைய அடைப்பு ஊர் முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது.

சேமிப்பு நன்றாகத்தான் கைகொடுத்தது. மழை வந்தது, கிடங்கிலிருந்து எடுத்துப் போட்டார்கள். எலி கடித்தது, போட்டார்கள். அப்புறம் ஒருநாள் மேலாளரே அவளை அழைத்தார். நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறதாம்.

"உள்ள ஒண்ணும் மாறல மேடம். அதே ஆளுங்க, அதே சேவை. முகப்பு மட்டும் கொஞ்சம் அழகா இருக்கட்டும்னு மேலிடத்துல நினைக்கறாங்க. ஒரே ஒரு வார்த்த. வந்து சொல்லிட்டுப் போயிடுங்க."

விண்கல்லை எதிர்பார்த்திருந்த சவுண்டு சார், நிறுவனத்துக்குத் தன் பெயரே பிடிக்காமல் போகும் என்பதை எதிர்பார்க்கவில்லை.

அவள் போனாள். புதிய பெயரைச் சொன்னாள். அதில் இரண்டு மகரமும் ஒரு னகரமும் இருந்தன. சவுண்டு சார் அதைப் பழைய வாக்கியத்தில் ஒட்டிப் போட்டார். அழுதுகொண்டிருந்தவள் "வணக்கம்" என்றாள். வேறொருத்தி நடுவில் புகுந்து நிறுவனத்தின் பெயரை உற்சாகமாக அறிவித்தாள். மறுபடி முதலாமவள் அழ ஆரம்பித்தாள்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. மூக்க லேசாப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிப் பாருங்களேன்."

"டாக்டர் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"பழைய மாதிரி பேசற வேற யாராவது கிடைச்சா?"

"பேரு எல்லா வாக்கியத்துலயும் வருது சார்," என்றார் சவுண்டு சார். அவர் குரலில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெம்பு. "யார வச்சாலும் மொத்தத்தையும் முதல்லேர்ந்துதான் எடுக்கணும். எண்ணெல்லாம் மூணு மூணு விதமா. அதுக்கு மேடம் இருக்காங்க. கூடத்துல நிக்கத் தெரியும், மூச்சு எங்க விடணும்னு தெரியும்."

"ஜனங்க கேப்பாங்களா? சந்தோஷமா இருக்கற மாதிரி இருக்கே."

"பேர மாத்தினத ஜனங்க ஏத்துப்பாங்கன்னா இதையும் ஏத்துப்பாங்க," என்றாள் அவள். "பழகக் கொஞ்சம் நாள் ஆகும். அதுவரைக்கும் யாரையும் திட்டாம இருக்கணும்."

மேலாளர் வேறு வழியின்றித் தலையாட்டினார். அவள் உள்ளறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள். தலையில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு வழக்கமான தூரத்தில் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு சார் குமிழ்களின் மேல் விரலை வைத்தார்.

"லெவல் பாக்கணும் மேடம். ஒரு 'ம்' சொல்லுங்க."

அவள் உதட்டை மூடிக்கொண்டு சொன்னாள். ஒலி அளவு காட்டும் முள் பழைய இடத்தைத் தாண்டி எகிறியது. அவர் குமிழைக் கொஞ்சம் இறக்கினார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, இன்னும் கொஞ்சம் இறக்கினார்.